துன்பமான காலத்தில் மகிழ்ச்சியைத் தேடிக்கொள்வது எப்படி?

இப்படியொரு கேள்வியை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாரோ நெடுநாள் நோயில் கிடக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்தருள்க. கேள்வியில் உள்ள ‘தேடிக்கொள்வது’ என்ற சொல்லோடுதான் எனக்குப் பிணக்கு. எனக்கு மகிழ்ச்சி தேடாமலேயே வந்தது. வந்ததை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான்.

என் தந்தைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு வாரத்திற்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. சிறுநீர் பிரியாததால் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். 1 லிட்டர் தங்கினால் எடை 1 கிலோ ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் எடை பார்த்து, எவ்வளவு நீரை எடுப்பது என்று கணக்கிடுவார்கள். ஒருவரிடமும் கைகட்டி நின்றறியாத மனிதர், செவிலியர் முன்னால் அரைத் தம்ளர் தண்ணீருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்பதைக் காண எனக்குப் பொறுக்காது.

ஒருநாள் எடைக் கருவியில் ஏறுமுன் அவர் என் பக்கம் திரும்பி, “அறுபத்தொன்று புள்ளி நான்கு. பந்தயமா?” என்றார். நான் அறுபத்திரண்டு என்றேன். கருவி 61.5 காட்டியது. அன்று முதல் ஒரு சிறிய குறிப்பேட்டில் இருவரின் ஊகங்களையும் எழுதத் தொடங்கினோம். அவரே தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். மூன்றாவது மாதம்தான் குட்டு வெளிப்பட்டது: நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வீட்டிலேயே எடை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது அவரே வாய் தவறி உளறிவிட, நாங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி ஏற்றியிருந்த கை அசைந்து இயந்திரம் அலறியது. செவிலியர் ஓடிவந்து, பள்ளிப் பிள்ளைகளைப் போல் எங்களைக் கண்டித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், “இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்களே, நோய் குணமாகிவிட்டது போலிருக்கிறது” என்றார். எங்களுக்காக ஒருநாள்கூட இரவில் கண்விழித்திராதவர் அவர். (நோயாளி வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர், அங்கே அழுகை குறைவாக இருந்தால் ஏமாற்றமடைகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.) ஆயினும் அந்தச் சொல் தைத்துவிட்டது. குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். இரண்டு வாரம் பொறுத்திருந்த அப்பா, “என்ன, தோற்பதற்குப் பயந்துவிட்டாயா?” என்று கேட்டார். பந்தயம் எனக்கு ஒரு விளையாட்டு. அவருக்கோ, எடைக் கருவியின் மேல் குற்றவாளியாக நிற்காமலிருக்க அது ஒன்றுதான் வழி. என் குற்றவுணர்வுக்காக அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிற்பாடுதான் சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளரின் ஆய்வைப் படித்தேன். எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த துணைவர்களைக் கவனித்துக்கொண்டவர்களிடம் அவர் குழுவினர் துயரத்தைப் பற்றியே கேட்டு வந்தபோது, “நல்லதைப் பற்றி ஏன் கேட்பதில்லை?” என்று அவர்களே குறைபட்டார்களாம். அதன்பின் அந்தக் கேள்வியையும் சேர்த்தபோது, ஏறக்குறைய எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. 1997இல் வெளியான அவரது கட்டுரை, கடுந்துயரமும் மகிழ்ச்சியும் ஒரே காலத்தில் ஒருவரிடம் இருக்க முடியும் என்று காட்டியது. மரணத்தை ஒட்டிய வாரங்களில் மட்டும் துயரம் மேலோங்கியிருந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்று நான் நினைத்திருந்தது வீண் நேர்மை.

‘எல்லோரும் சிரித்துக்கொண்டிருங்கள் என்கிறாயா?’ என்று யாரேனும் சண்டைக்கு வரலாம். இல்லை. எதிலும் நாட்டமில்லாத நிலை நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், என் பந்தயக் கதை உதவாது. நான் சொல்வது, சிரிப்பு வரும்போது சுற்றுமுற்றும் பார்த்து அதை அடக்கிக்கொள்கிறவர்களுக்கு மட்டும்.

அப்பா இப்போது இல்லை. குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. மொத்தத்தில் அவர் என்னைவிட 11 பந்தயங்கள் கூடுதலாக வென்றிருக்கிறார்; அந்த முதல் மூன்று மாதங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற என் வாதத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.