நீலப் புகை விடும் எம்.ஜி.பி.: வாங்கலாமா, விலகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறேன். பழைய கார்கள் விற்கும் ஒரு வியாபாரியிடம் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையைத் திறக்கக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பார்த்தேன். பாடி நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தபோதும் பின்னால் புகை. நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டியிருந்தது. "பழைய பிரிட்டிஷ் கார் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்கிறார் வியாபாரி. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எம்.ஜி.பி.யில் கையைச் சுடுவது இன்ஜினைவிடத் துருதான். கதவுக்குக் கீழே ஓடும் சில் உளுத்திருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். அது திடமாக இருந்தால் மேலே பேசலாம்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எங்கிருந்து வருகிறது என்பதைப் புகை வரும் நேரம் சொல்லிவிடும். நீங்கள் சொல்லும் இரண்டு நேரமும் வால்வ் கைடு, அதாவது வால்வ் ஏறி இறங்கும் குழல், தேய்ந்திருப்பதையே காட்டுகின்றன. கார் நிற்கும்போது ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) தங்கிய ஆயில் கைடு வழியாக மெல்ல இறங்கி, காலையில் முதல் புகையாக வெளியே வரும். இறக்கத்தில் காலை எடுத்ததும் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடி, அதே கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். மறுபடி மிதித்ததும் அது எரியும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின் இப்படி விட்டுவிட்டுப் புகைக்காது. மேட்டில் இழுக்கும்போது விடாமல் புகைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஊதும். கைடு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலை. ரிங் என்றால் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போய், செலவு ஆயிரக்கணக்கான பவுண்டைத் தொடும்.

அடுத்த முறை போகும்போது முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். புகையைவிட அதை மறைக்கப் பார்க்கும் ஆள்தான் எனக்குப் பயம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ், அல்லது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட். தேய்ந்த கைடு இந்த டெஸ்டில் பிடிபடாது. எனவே நான்கும் நன்றாக இருந்து, புகையும் இருந்தால், அது உங்களுக்கு நல்ல செய்தி.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஆயில் பிரஷர் மீட்டரையும் பாருங்கள். ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் நிம்மதி. ஐடிலில் முள் படுத்துவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

இனி அந்தச் சொட்டு. 1962இல் வந்த முதல் எம்.ஜி.பி.க்களின் மூன்று பேரிங் இன்ஜினில் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. அவை சொட்டுவதை நானும் மன்னிப்பேன். 1964 கடைசியில் வந்த ஐந்து பேரிங் இன்ஜினில் சீல் உண்டு. உங்களுடையது அந்த வகை. வியாபாரியின் சமாதானம் இதற்குச் செல்லாது. டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல்ஹவுசிங் என்ற கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை, அதில் ஒரு கம்பி ஊசி தொங்கும். சொட்டு அங்கிருந்து விழுந்தால் கிராங்க்கின் பின்முனைச் சீலாக இருக்கலாம். அதை மாற்ற இன்ஜினை இறக்கியாக வேண்டும். ராக்கர் கவரிலிருந்து வழிந்தால் ஒரு கார்க் கேஸ்கட்டோடு முடிந்தது. நடுவில், மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டாப்பெட் கவரிலிருந்து வழிந்தால் பொருள் மலிவு, கூலி அதிகம். பல இடங்களில் கசிந்தால் இன்ஜினின் உள் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். இந்த இன்ஜினுக்கான கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்குப் பதில் புதுக் காருக்கான மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தாலும் கசிவும் புகையும் கூடும்.

பணப் பேச்சு. வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உண்டு. குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வாங்குமுன் அவர் சுட்டிக்காட்டிய குறைக்கும், நீங்கள் சோதித்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் அது உதவாது. புகையை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஆகவே ஹெட் வேலைக்கான மதிப்பீட்டை ஒரு மெக்கானிக்கிடம் வாங்கி, அந்தத் தொகையை இப்போதே விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அல்லது அவரே செய்து தருவதாக இன்வாய்ஸில் எழுதி வாங்குங்கள். 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனப் பாதுகாப்புச் சோதனை) கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றால் செய்யக் கூடாது என்று பொருளில்லை. அவர் செலவில் ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: 1974 எம்.ஜி.பி. ஜி.டி. ஒன்றைத் தனிநபரிடம் வாங்கினேன். பிரேக் மிதித்தபின் வெள்ளைப் புகை வருகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. ஹெட் கேஸ்கட் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஹெட்டைக் கழற்றுமுன் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காரில் பிரேக் சர்வோ (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) தனியாக பானெட்டுக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ் இன்லெட் மேனிஃபோல்டுக்குப் போகும். சர்வோவின் உள் சீல் போனால் பிரேக் ஆயில் அந்த ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போய் வெள்ளையாக எரியும். வண்டியை நிறுத்தி ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஈரம் தெரியும். அப்படியானால் சரிசெய்யும் வரை ஓட்டவே ஓட்டாதீர்கள். தனிநபர் விற்பனையில் கார் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முக்கியப் பிடி. "பிரேக் முழுக்கப் புதுப்பித்தது" என்று எழுதியிருந்தாரா? அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.