பாலிமர் கலந்த தண்ணீரைச் செலுத்தி எண்ணெய் எடுத்தால் உண்மையிலேயே கார்பன் குறையுமா, இல்லை வெறும் விளம்பரமா?

குறையும். ஆனால் தரைக்கு மேலே வேலை ஒழுங்காக நடந்தால்தான். கேள்வியைப் பார்த்தால் கெமிக்கல் படிக்கிற மாணவர் போலத் தெரிகிறது. நான் டிப்ளமோக்காரன், ஆராய்ச்சியாளன் இல்லை. வெளிநாட்டில் ஒரு பாலைவன எண்ணெய் வயலில் ஆறு வருடம் பாலிமர் கலக்கும் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தேன். எந்த வயல் என்று கேட்காதீர்கள், சொல்ல முடியாது.

பழைய வயலில் கிணற்றிலிருந்து வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். வருவதில் 90 சதவீதம் தண்ணீர் என்றால், ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 9 பீப்பாய் தண்ணீர். 95 சதவீதம் ஆகிவிட்டால் 19 பீப்பாய். அத்தனையையும் மேலே இழுத்து, பிரித்து, சுத்தம் செய்து, திரும்பவும் பூமிக்குள் தள்ள வேண்டும். அதற்கான மின்சாரம் எரிவாயுவை எரித்து வருகிறது. கார்பன் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் கெட்டி, தண்ணீர் நீர்த்தது. அதனால் தண்ணீர் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவிடும், எண்ணெய் பாறைக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் பொடியைக் கரைத்தால் தண்ணீர் கஞ்சி போல ஆகி, எண்ணெயைப் பரவலாகத் தள்ளும், ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இழுக்க வேண்டிய தண்ணீரும் குறையும். சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் பெரிய அளவில் செய்கிறார்கள், பாறைக்குள் முதலில் இருந்த மொத்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. நம் நாட்டில் ராஜஸ்தான் பார்மேரில் உள்ள மங்களா வயலில் 2014-15 வாக்கில் தொடங்கினார்கள்.

இனி என் கதை. பொடி பார்க்க ரவை மாதிரி இருக்கும். ராகிக் கூழ் கிண்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை பாதி புரிந்துவிடும். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டி தட்டும், வெளியே வழவழவென்றும் உள்ளே காய்ந்தும் இருக்கும். மீன்கண் என்போம். அது போய், தண்ணீரைப் பூமிக்குள் தள்ளுகிற கிணற்றை அடைக்கும். தரையில் ஒரு கைப்பிடி சிந்தி ஈரம் பட்டால் நிற்கவே முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் இரவு ஷிப்டில் அப்படி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

ஒரு கோடையில் தொட்டியில் பாகுத்தன்மை, அதாவது கஞ்சியின் கெட்டி, சென்டிபாய்ஸ் என்ற அளவில் 20 காட்டியது, தள்ளுகிற கிணறுகளில் ஒன்றில் மட்டும் 11. பொடியைக் கூட்டு என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கூட்டினோம், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மாதிரி எடுக்கிற வால்வைச் சீறும்படி திறந்தாலே பாலிமரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலி அறுந்து கெட்டி குறைந்துவிடும், அளவு தப்பாக வரும். அதனால் சிலிண்டர் வைத்து, மெதுவாக நிரப்பி, கிணற்றுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கிற சோக் வால்வுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்தேன். முன்னால் 19. பின்னால் 12.

ஒரே பம்ப் பல கிணறுகளுக்குப் போகிறது. குறைந்த அழுத்தம் போதும் என்கிற கிணற்றில் சோக்கை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தார்கள். அந்தச் சின்னச் சந்தில் புகுந்து வரும்போது சங்கிலிகள் அறுகின்றன. நாலு மாதம் எழுதி எழுதிக் கேட்ட பிறகு அந்த இடத்தில் நீளமான சுருள் குழாய் பொருத்தினார்கள். அழுத்தம் படிப்படியாகக் குறைந்தது, அளவு 18-க்கு வந்தது. கூட்டிய பொடியைத் திரும்பக் குறைத்தோம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொடியும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. அதைத் தயாரிக்க, கப்பலிலும் லாரியிலும் கொண்டுவர எல்லாவற்றுக்கும் கார்பன் செலவு. வால்வில் அறுபட்டுப் போவதைச் சரிக்கட்ட மேலும் பொடி கொட்டினால், தண்ணீரில் மிச்சப்படுத்தியதை அங்கேயே தொலைக்கிறோம்.

எண்ணெயே எடுக்கக் கூடாது என்பவர்கள் கோபப்படலாம். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எடுக்கும்போது வருவதைவிட எரிக்கும்போது வருவதுதான் மிக அதிகம், அதை பாலிமர் ஒன்றும் செய்யாது. நான் சொல்வது எடுக்கிற வேலையில் மிச்சமாவதைப் பற்றி மட்டும். பாலிமர் கலந்து திரும்ப வரும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் அண்ணன் மகன் பெட்ரோலியம் இன்ஜினியரிங் படித்தான். சேரும்போது வளைகுடா வேலை நிச்சயம் என்றது கல்லூரி. நாலு வருடத்தில் பாகுத்தன்மை அளக்கிற ஒரு விஸ்காமீட்டரைக்கூட அவன் கையால் தொட விடவில்லை. அண்ணன் நிலத்தை விற்றுக் கட்டிய பணம் அது. இப்போது பையன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். நீங்கள் அந்தப் படிப்பில் சேர நினைத்துக் கேட்டிருந்தால், முதலில் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏதாவது நிறுவனத்தின் பாலிமர் திட்டத்தைப் பற்றித்தான் உங்கள் சந்தேகம் என்றால், தொட்டியில் எடுத்த அளவை வாங்காதீர்கள். சோக்குக்குப் பின்னால் எடுத்த அளவு எவ்வளவு, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு எத்தனை பீப்பாய் தண்ணீர் குறைந்தது என்று கேளுங்கள்.