கேள்வி பதில்: வலி மாத்திரை, கஞ்சா, மெத்

நான் சென்னையில் போதை மீட்பு வார்டில் 19 வருடமாக நர்ஸ். டாக்டர் இல்லை, அதனால் மருந்து எழுதித் தர முடியாது. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன், கேளுங்கள்.

பெரம்பூர், ஒரு அம்மா: சிஸ்டர், பையனுக்கு 19 வயசு. காலேஜ் பையில வலி மாத்திரை அட்டை நாலு, ஒரு ஊசி இருந்துச்சு. கேட்டா ஜிம்முல முதுகு பிடிச்சுக்கிச்சுங்கிறான். மாத்திரைதானேன்னு மனசைத் தேத்திக்கிறேன்.

அம்மா, தேற்றிக்கொள்ளாதீர்கள். முதுகு வலிக்கு யாரும் ஊசி வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அட்டையில் டாபென்டடால் என்று இருக்கிறதா பாருங்கள். அபின் செய்யும் வேலையைச் செய்கிற மருந்து அது. கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டோடு மட்டும் தருவது. பசங்க இதைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரை வடிவம் கொடுக்க டால்க், மாவு எல்லாம் சேர்த்திருப்பார்கள். வயிற்றுக்குள் போனால் அவற்றால் கெடுதல் இல்லை. ரத்தத்தில் போனால் கரையாமல் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். குத்திய இடம் சீழ் பிடிக்கும். கிருமி இதய வால்வில் போய்த் தங்கினால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. வலிப்பும் வரலாம்.

எல்லாவற்றையும்விட மூச்சு. அளவு கூடினால் மூளை மூச்சுவிடச் சொல்வதையே மறந்துவிடும். கூப்பிட்டாலும் உலுக்கினாலும் எழவில்லை, குறட்டை மாதிரி இழுப்பு, உதடு நீலம், கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவு. இப்படிப் பார்த்தால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சை சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வருபவர்களிடம் அட்டையைக் காட்டுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. என்ன எடுத்தான் என்று தெரிந்தால் சீக்கிரம் போடுவார்கள். அது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், மாத்திரையின் வேகம் அதற்குப் பிறகும் இருக்கும். கண் விழித்துவிட்டான் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.

இன்றைக்கு அவனை அடிக்க வேண்டாம். அட்டையைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

கொளத்தூர்: தம்பிக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்க மருந்து இருக்கா?

இல்லை. கஞ்சாவுக்கோ மாத்திரைக்கோ அப்படி ஒரு மருந்தே கிடையாது. பவுடர் என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். குடிக்கு டைசல்ஃபிரம் உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் குடிப்பார். அதில் உயிரே போகலாம்.

ஓஎம்ஆர், ஐடி வேலை: வார இறுதியில் மட்டும்தான் மெத். அடிமை இல்லை. யூரின் டெஸ்ட்டில் எத்தனை நாள் காட்டும்?

டெஸ்ட்டைத் தாண்ட நான் உதவ மாட்டேன். மெத் என்றால் மெத்தாம்பெட்டமைன், தூக்கத்தை விரட்டும் ஊக்கப் போதை. செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். எதிலும் ஒட்டாமல், தூக்கம் கெட்டு, எரிச்சலாக இருந்தால் வார இறுதி ஏற்கெனவே வார நாளுக்குள் வந்துவிட்டது. மூன்று நாள் தூங்காமல் வந்த ஒரு பையன் ஃபேனுக்குள் கேமரா இருக்கிறது என்று கழற்றப் போனான். 24 வயது. இதயத் துடிப்பு தாறுமாறாகி இளம் வயதிலேயே மாரடைப்பும் வருகிறது.

வேளச்சேரி, மாணவர்: டாஸ்மாக்கை அரசே நடத்துது. கஞ்சா மூலிகை, சித்த மருத்துவத்துலயே இருக்கு. கனடாவுல 2018லயே சட்டப்படி ஆக்கிட்டாங்க. நீங்க மட்டும் பயமுறுத்துறீங்க.

தம்பி, குடியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. என் வார்டில் பாதிக் கட்டிலுக்கு மேல் குடியால் வந்தவர்கள்தான். அதை ஒரு நாளும் மறுக்க மாட்டேன். ஆனால் குடி கெடுக்கிறது என்பதால் கஞ்சா கெடுக்காது என்று ஆகிவிடாதே. சித்த மருத்துவத்தில் நச்சு நீக்கிச் சுத்தி செய்து, அளவு பார்த்து, வேறு மருந்துப் பொருள்களோடு சேர்த்து வைத்தியர் தருவது ஒன்று. தினமும் பொட்டலம் வாங்கி இழுப்பது வேறு. கனடாவிலும் சிறுவர்களுக்கு விற்றால் குற்றம். மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்வதும் ஒரு காரணம்.

அதே மாணவர்: என் ஃப்ரெண்ட்ஸ் பத்து பேருக்கு ஒண்ணும் ஆகலையே?

தாம்பரம், ஒரு அப்பா: என் பையனுக்கு ஆச்சு தம்பி. 21 வயசுல காதுல குரல் கேக்குதுன்னான். இப்ப மூணு வருஷமா மாத்திரை சாப்பிடுறான்.

ஐயா, எழுதியதற்கு நன்றி. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுதான் என் பயம். குடும்பத்தில் மனநோய் இருந்தால், சின்ன வயதில் தொடங்கினால், வீரியமானதைத் தினமும் இழுத்தால் ஆபத்து கூடும். சிலருக்கு ஓயாத வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால்தான் அடங்கும். அல்சர் என்று நினைத்து எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்துவிட்டு வருவார்கள். வேளச்சேரி தம்பி, அந்தப் பத்து பேரில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆவடி: சாம்பார்ல கலந்து குடுக்கிற மாதிரி ஏதாவது...

கொளத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொருக்குப்பேட்டை: ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல மாட்டிவிடுவாங்களா?

இந்தப் பயத்தால் வராமல் போனவர்கள் எத்தனையோ. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு என்று ஒன்று உண்டு. போதைக்கு அடிமையானவர் மீது பயன்படுத்திய குற்றமோ சிறு அளவு வைத்திருந்த குற்றமோ இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முடித்தால் வழக்கு நடத்தப்படாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். விற்பவருக்கு இது பொருந்தாது.

அம்பத்தூர்: அண்ணன் நாப்பது நாள் சென்டர்ல இருந்துட்டு நாளைக்கு வர்றார். இனி பயமில்லையே?

இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நாற்பது நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஊசி, மாத்திரை எடுத்தவர் ஒரே ஒரு தடவை என்று பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். நான் இழந்தவர்களில் பலர் டிஸ்சார்ஜ் ஆன முதல் மாதத்தில் போனவர்கள். தனியாகத் தூங்க விடாதீர்கள். தொடர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சறுக்கினால் மறைக்காமல் சொல்லும்படி, கோபப்படாமல் இருங்கள்.

போரூர்: ஹோமியோ சொட்டு மருந்து தெரியாம கலந்து...

தெரியாமல் எதுவும் வேண்டாம்.

பெரம்பூர் அம்மா: சிஸ்டர், அட்டையில அந்தப் பேர்தான் இருக்கு. அவன் பக்கத்துலதான் உக்காந்து அழறான்.

அவனிடம் கடைசியாக எப்போது போட்டான் என்று மட்டும் கேளுங்கள், வேறு விசாரணை வேண்டாம். இன்று இரவு அவன் அறையிலேயே படுங்கள், மூச்சைப் பாருங்கள். பேச வேண்டுமென்றால் 14446, கட்டணமில்லை. காலையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஓபிக்குக் கூட்டிப் போங்கள். சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.