ஆலங்கட்டி மழையில் கூரை உடைந்தால் காப்புறுதிக்கு என்ன ஆதாரம் காட்டுவது?

நுவரெலியாப் பக்கம் வீடு, ஆலங்கட்டி விழுந்து அஸ்பெஸ்டஸ் சீட் உடைந்துவிட்டது, கம்பனி ஆதாரம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கந்தப்பளைக்காரன். எங்கள் வீட்டிலும் ஒரு ஏப்ரல் மாதப் பின்னேரம் இதே கதைதான்.

முதல் பிழையை நான்தான் விட்டேன். மழை நின்றதும் அம்மா விளக்குமாற்றோடு முற்றத்துக்குப் போனார், நான் வாளியோடு அறைக்குள் ஓடினேன். அரை மணித்தியாலத்தில் கட்டியெல்லாம் கரைந்து வாசலில் ஈரம் மட்டும்தான் மிச்சம், ஒரு படம்கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த மதிப்பீட்டாளர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது பழைய வெடிப்பு தம்பி, தேய்மானத்துக்குக் காசு இல்லை" என்றார்.

எங்களைக் காப்பாற்றியது பாசி. நம்ம ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் பாசி பிடிக்காத கூரை ஏது? பழைய வெடிப்பென்றால் அதன் விளிம்பிலும் கறுப்பு ஏறியிருக்கும். புதிதாக உடைந்த விளிம்போ வெளிர் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. விழுந்த துண்டுகளை அப்பா எறியாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் அந்த மனிதர் பேனாவைத் திறந்தார். பக்கத்து வீட்டு அண்ணனின் லீக்ஸ் பாத்தி கிழிந்து நார்நாராகக் கிடந்தது. அதையும் படமெடுத்துக் கொடுத்தோம். வளிமண்டலவியல் திணைக்களத்தில் மழை அறிக்கை கேட்டு வாங்கலாம். ஆனால் ஆலங்கட்டி ஒரு மலைக்கு விழுந்து அடுத்த மலைக்கு விழாது. அளவு நிலையம் உங்கள் வீட்டுக்குத் தள்ளி இருந்தால் அயலவர் போனில் எடுத்த வீடியோதான் பலமான சாட்சி.

அதனால் அடுத்த முறை கட்டி கரைவதற்கு முன் ஒரு ஐந்து ரூபா நாணயக் குத்தியைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியும். வீட்டுக்குள் நின்று ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிற மாதிரி ஒன்று, அதற்கு நேர்கீழே நனைந்த மெத்தை, டிவி என்று ஒன்று. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதைப் படம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "கசிவு" என்று எழுதிவிடுவார்கள். படம் எடுத்தவுடன் தார்ப்பாயால் மூடுங்கள். மேலும் நனைய விட்டால் அந்த நட்டம் உங்கள் தலையில்தான். பழைய சீட்டில் மட்டும் ஏறாதீர்கள், கால் உள்ளே போய்விடும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல், கூரைத் தண்ணீர் வடிகிற பீலி. கட்டிகள் நிரம்பி அடைத்ததால் தண்ணீர் திரும்பி சீலிங்குக்குள் இறங்கியது. கனடாவில் இருக்கும் சித்தி மகனிடம் சொன்னபோது, அங்கே குளிர்காலத்தில் கூரை ஓரத்தில் பனி உறைந்து இதே வேலையைத்தான் செய்யும் என்றான். பீலியை நாங்கள் துப்புரவு செய்யவில்லை என்பது கம்பனியின் வாதம். பொங்கலுக்கு வாசலில் எடுத்த குடும்பப் படத்தில் சுத்தமான பீலி தெரிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கடிதங்கள் பெரிய வேலையில்லை. கிராம சேவகரின் கடிதம், கூரை வேலை செய்கிற மேசன் பாஸின் மதிப்பீடு (சீட் எத்தனை, கூலி எவ்வளவு என்று பிரித்து), பற்றுச்சீட்டுகள். போனில் சொன்னாலும் அன்றே எழுத்திலும் அறிவியுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தை இப்போதே எடுத்து வாசியுங்கள். வெறும் தீக் காப்புறுதி போதாது, இயற்கை அனர்த்தமும் சேர்ந்திருக்க வேண்டும். வங்கிக் கடனுக்காகப் போட்டதென்றால் கடன் தொகைக்கு மட்டும் போட்டிருப்பார்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 60 இலட்சம், காப்புறுதி 30 இலட்சம் என்றால், பாதிப் பெறுமதிக்குத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று நட்டத்திலும் பாதிதான் தருவார்கள், 4 இலட்ச நட்டத்துக்கு 2 இலட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் எக்ஸஸ், அதாவது நட்டத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, கழியும். எங்களுக்குக் கை கடித்த இடம் இதுதான். காசோலையும் வங்கியின் பெயருக்கே வரலாம், முதலிலேயே கிளையில் கேட்டு வையுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியோடு எழுத்தில் முட்டிப் பார்த்த பிறகும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நாங்கள் அதுவரை போகவில்லை. அப்பா மட்டும் காசு கைக்கு வரும்வரை அந்த உடைந்த துண்டுகளை யாரையும் தொட விடவில்லை.