நல்ல ஓனரிடம் கணக்கு பேசலாமா?

வாடகை வீடு: வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது அட்வான்ஸ் தகராறும் தண்ணீர்ச் சண்டையும்தான். இந்த இதழில் எடுத்துக்கொண்டவை வேறு ரகம். நல்ல ஹவுஸ் ஓனர் வாய்த்தவர்கள் எழுதிய கேள்விகள். ஓனர் ஒருவரும் எழுதியிருக்கிறார்.

*

எங்கள் ஓனர் கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாக வாங்கினார். பெற்ற பிள்ளைகளைப் போல நடத்துகிறார். வாடகை ஒப்பந்தம் எழுதலாமா என்று கேட்டால், "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரெல்லாம்" என்கிறார். வற்புறுத்திக் கேட்பது மரியாதையாக இருக்குமா?
– வாசகி, நங்கநல்லூர்

கேட்கத்தான் வேண்டும். அவர் நல்லவர் என்பதாலேயே கேட்பதும் சுலபம்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கென்றே அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரச் சொல்லி வழக்குப் போட முடியும். உங்கள் ஓனர் போட மாட்டார். நாளை வீடு பிள்ளைகள் பெயருக்கு மாறினால் அவர்களுக்கு உங்களையும் தெரியாது, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதும் தெரியாது.

"பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாமே" என்று புரோக்கர்கள் சொல்வார்கள். அது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் கணக்கு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினோரு மாதத்துக்கு எழுதினாலும் அது தேவை.

எப்படிக் கேட்பது? "சார், ஆபீஸ்ல வாடகை ஒப்பந்தம் கேக்கறாங்க. நானே எழுதிட்டு வர்றேன், நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க" என்றால் போதும். அலைச்சல் முழுவதும் உங்களுடையது என்று தெரிந்தால் பெரியவர்கள் மறுப்பதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குச் சந்தேகம் உங்கள் மேல் இல்லை, ஸ்டாம்ப் பேப்பருக்கு அலைவதுதான் சலிப்பு.

மாத வாடகை, கொடுக்க வேண்டிய தேதி, உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், தண்ணீர்ச் செலவு யாருடையது, மின்விசிறி எத்தனை, சாவி எத்தனை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அட்வான்ஸை முன்பே ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த மாதம், வருடம், தொகை மூன்றையும் குறிப்பிட்டு, "பெற்றுக்கொண்ட அட்வான்ஸ் இந்த ஒப்பந்தத்திலும் தொடர்கிறது" என்று ஒரு வரி சேருங்கள். மற்ற எல்லா வரியையும்விட இந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

வருமான வரியில் வீட்டு வாடகைப் படி விலக்கு வாங்குபவராக இருந்தால் (பழைய வரி முறையில் மட்டுமே உண்டு) வருட வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஓனரின் பான் எண் தேவைப்படும். தயக்கம் வருவது இங்கேதான். கணக்கைக் காட்டுங்கள். மாதம் 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000. அவர் கட்டிய சொத்து வரி 4,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 1,40,000. அதில் 30 சதவீதம், அதாவது 42,000 ரூபாய், சட்டப்படியே கழியும். வருமானத்தில் சேர்வது 98,000 மட்டும். பென்ஷனோடு இதைச் சேர்த்தாலும் வரி வருமா என்பதை அவருடைய ஆடிட்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

*

ஐந்து வருடமாக 9,000 ரூபாய் வாடகை. ஏற்றவே இல்லை. பக்கத்தில் இதே அளவு வீடு 12,500-க்குப் போகிறது. நாமாகவே கூட்டித் தரலாமா, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதா?
– வாசகர், சேலம்

தரலாம். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் ஆறாம் வருடம் நீங்கள் கொடுக்க வேண்டியது 11,487 ரூபாய். ஏறாததால் இந்த ஐந்து வருடத்தில் உங்கள் கையில் தங்கியது 56,000 ரூபாய்க்கு மேல். ஓனர் தரப்பில் செலவு அப்படியே நிற்கவில்லை. 2022-இல் சொத்து வரி உயர்ந்ததே ஓர் உதாரணம்.

ஏற்றாத ஓனர் ஏற்றும்போது ஒரேயடியாக ஏற்றுவார். உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து "இந்த ஏரியால இவ்ளோதான் வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும், அடுத்த மாதம் 3,500 கூடும். அதற்கு முன்னால் நீங்களே 10,000 என்று சொல்லி, இனி வருடத்துக்கு 5 சதவீதம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். சந்தை விலைக்குக் கீழேதான் இருப்பீர்கள். ஓனருக்கும் கேட்கிற சங்கடம் இராது.

ஒரு எச்சரிக்கை. குழாய் ரிப்பேர், பெயிண்ட் என்று ஏதாவது கேட்கப் போகும் அதே பேச்சில் இதைச் சொல்லாதீர்கள். அது பேரமாகத் தெரியும்.

*

எங்கள் வீட்டுக்காரம்மா தங்கமானவர். போன் செய்த அன்றே பிளம்பரை அனுப்பிவிடுவார். காசும் வாங்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. எது அவர் செலவு, எது எங்கள் செலவு? இப்போது படுக்கையறைக் கூரையில் ஓதம் வேறு தெரிகிறது.
– வாசகி, மதுரை

2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டடத்தின் பழுது (நீங்கள் உண்டாக்கியதைத் தவிர), சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை ஓனருடையவை. குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கழிப்பறைச் சாதனம், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, கொசுவலை இவை வாடகைக்கு இருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. ஆக, சொட்டும் குழாய்க்கு அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை. திருகும் பழைய மாடல் குழாய் என்றால் வாஷரை மாற்றினால் நிற்கும். கால்வட்டம் திருப்பும் புது மாடலில் வாஷர் கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை முழுசாக மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள், பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி பொருந்தாது.

ஆனால் கூரை ஓதத்தை இன்றே சொல்லுங்கள். கூச்சம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் அடைத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளும். இன்று சில ஆயிரத்தில் முடிவது, அப்புறம் கூரையைக் கொத்திப் பூசுவதில் வந்து நிற்கும். அந்தச் செலவு அவருடையது.

சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓதத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். போட்டோ எடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி தேதி. எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது கொத்தனாருக்கு ஒரு பார்வையில் புரியும்.

எங்கிருந்து வருகிறது என்பதையும் ஓரளவு நீங்களே பிடிக்கலாம். மழைக்குப் பின் பழுப்பு வளையமாக வந்து வெயிலில் காய்ந்தால் மொட்டை மாடி: தட்டோட்டின் இணைப்பு விட்டிருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். சருகை அள்ளினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் குழாய் லைன். இரவு எல்லோரும் படுத்தபின் மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, யாரும் புழங்காமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ லைனிலோ கசிவு. இறங்கவில்லை, ஆனால் மேல் வீட்டில் குளிக்கும்போதெல்லாம் ஈரம் கூடுகிறது என்றால் அவர்கள் குளியலறையில் கழிவுநீர் இணைப்போ டைல்ஸ் இடுக்கோ விட்டிருக்கிறது.

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து வெள்ளை உப்புப் பூத்திருப்பது வேறு கதை. அது தரையிலிருந்து ஏறும் ஈரம். அதன் மேல் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் மறுபடி உதிரும். அந்த அம்மா ஆசையாகப் பெயிண்டரை அனுப்பினாலும், முதலில் கொத்தனாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய காசு வீணாகாது.

*

தனி மீட்டர் போட்டுத் தந்திருக்கிறார் ஓனர். அதற்காக 500 ரூபாய் வாடகை அதிகம். லாபமா?
– வாசகர், கோவை

தனி மீட்டர் என்றால் அது மின்வாரிய இணைப்பா, ஓனர் வாங்கி மாட்டிய சப் மீட்டரா என்று முதலில் பாருங்கள். வாரிய இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால், இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் இருவருக்கும் பில் கூடும். ஏசி ஓடும் வீடு என்றால் 500 ரூபாய் நியாயம். இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் யோசியுங்கள்.

சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசாமல் விகிதம் கேளுங்கள். மொத்த பில்லில் 620 யூனிட், உங்களுடையது 230 என்றால் பில்லில் 37 சதவீதம் உங்கள் பங்கு.

*

நான் ஓனர். இதுவரை காலி செய்து போன எல்லோரும் சிரித்த முகமாகவே போயிருக்கிறார்கள். ஆனால் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சரியா என்ற உறுத்தல் உண்டு. அட்வான்ஸைத் திருப்பும்போது கைக்கடியும் வருகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

உறுத்தல் சரிதான். "பெயிண்டுக்கு ஒரு மாதம்" என்பது வழக்கம் மட்டுமே. அட்டவணைப்படி வெள்ளையடிப்பு உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும், ஐந்து வருடம் குடியிருந்தவரிடம் பிடிப்பது அழகல்ல; அந்தப் பெயிண்டுக்கு எப்படியும் வயதாகிவிட்டது. ஒரே வருடம் இருந்து, ஒரு சுவர் முழுக்கக் குழந்தை கிரேயானால் வரைந்திருந்தால் அந்தச் சுவருக்கு மட்டும் கேளுங்கள். ஆணித் துளைக்குப் பணம் பிடிக்காதீர்கள். குடி வரும்போதே, "ஆணி அடிக்க வேண்டாம், டிரில்லரில் 6 மி.மீ. துளை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ மாட்டுங்கள்" என்று சொல்லிவிட்டால் பூச்சு பெயராது, போகும்போது பட்டி வைத்து அடைத்துவிடலாம்.

கைக்கடிக்குக் காரணம், அட்வான்ஸ் செலவாகிவிடுவது. அடுத்த ஆள் கொடுக்கும் அட்வான்ஸில்தான் முந்தைய ஆளுக்குத் தருவது என்று ஆகிவிட்டால், ஆடியிலோ மார்கழியிலோ வீடு காலியாகும்போது மாட்டிக்கொள்வீர்கள். அந்த மாதங்களில் யாரும் குடி வர மாட்டார்கள். வாங்கிய அன்றே வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவருக்கு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. குறைவாக வாங்குவது உங்களுக்குமே நிம்மதி.

கடைசி மின் கட்டணத்துக்கு என்று பத்தாயிரம் பிடித்து வைப்பார்கள் சிலர். தேவையில்லை. சாவி வாங்கும் அன்று மீட்டரை இருவரும் பார்த்துப் போட்டோ எடுத்து, கடைசி பில்லுக்குப் பின் ஓடிய யூனிட்டைக் கணக்குப் போட்டால் அங்கேயே தீர்ந்துவிடும். குடி வரும் நாளிலும் இதேபோல வீடு முழுவதும் ஒரு வீடியோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் மேடைக்கு அடியிலும் கழிப்பறைக் கதவின் கீழ் விளிம்பிலும் கேமராவைக் காட்ட மறக்காதீர்கள். பின்னால் தகராறு கிளம்புவது அந்த இரண்டு இடத்தில்தான்.

*

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நல்ல ஓனர் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

ஓரளவு முடியும். மொட்டை மாடிக்குப் போக விடுகிறாரா, துணி காயப்போடக் கொடி உண்டா, தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்று பாருங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டும், விருந்தாளி தங்கலாமா என்பதை நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல் பதில் வந்தால் நல்ல சகுனம். வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவர் இப்போது இருக்கும் குடித்தனக்காரருக்குச் சொல்லிவிட்டு உங்களைக் கூட்டிப்போனாரா, சும்மா கதவைத் தட்டினாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மீதியை, காலி செய்து போகிறவர் சாமான் கட்டும்போது ஓனர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: "அட்வான்ஸ் எப்போ தர்றேன்னிருக்கார்?"