சாக் ஒன்றுகூட இல்லை, பாஸ் பிளாக்கிங் கிரேடு மட்டும் 58 ஏன்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் சாக் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை, எறியும் முன்பே எதிரணி வீழ்த்துவது) விடாததற்கென்று தனி மார்க் கிடையாது. அதனால் உங்கள் அணியின் லெஃப்ட் டாக்கிள் (குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் காவல் நிற்பவர்) சீசன் முழுக்க சாக்கே விடாமல் 58-ல் நிற்பதில் முரண் இல்லை. இந்த கிரேடு போடும் ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் நிறுவனம் ஒவ்வொரு பிளேவுக்கும் -2 முதல் +2 வரை அரை அரைப் புள்ளியாகப் போட்டு, பிறகுதான் 100-க்கு மாற்றுகிறது. எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எதிரணிக்காரர்) அவரைச் சுத்தமாகத் தாண்டிய பிறகும் குவாட்டர்பேக் பந்தை எறிந்து தப்பித்தால் சாக் கணக்கில் ஒன்றும் ஏறாது. கிரேடில் மைனஸ் விழும்.

உங்கள் அணி ஸ்கிரீனும் (உடனே எறியும் குட்டி பாஸ்) ஆர்.பி.ஓ.வும் (ஓடுவதா எறிவதா என்று பிளே தொடங்கிய பிறகு முடிவெடுப்பது)தான் அதிகம் ஆடுகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் காரணம் அதுதான். பந்து சட்டென்று கைமாறுவதால் ஓட்டை வெளியே தெரிவதில்லை.

1. 'ட்ரூ பாஸ் செட்' கிரேடைத் தனியாகப் பாருங்கள். ஸ்கிரீன், ப்ளே ஆக்ஷன் (ஓடுவதுபோல் பாவனை காட்டி எறிவது), வேகமாக எறிந்தவை எல்லாம் அதில் கழிந்துவிடும். அதிலும் குறைவு என்றால் பிரச்சினை நிஜம்.

2. மூன்றாவது டவுன் (முயற்சி), 7 யார்டுக்கு மேல் பாக்கியுள்ள பிளேக்களை மட்டும் வீடியோவில் ஓட்டுங்கள். பந்தை விடுங்கள், அவர் காலைப் பாருங்கள். பின்வாங்கும் இரண்டாவது எட்டிலேயே இடுப்பு வெளிப்பக்கம் திரும்பிவிட்டால், உள்பக்கம் வெட்டும் ரஷருக்குக் கதவு திறந்தாயிற்று. காலேஜ் டாக்கிள்களிடம் சாதாரணமாகக் காணும் கோளாறு இது.

ஒன்று மட்டும்: ட்விஸ்ட் ஸ்டண்ட் (எதிரணி ரஷர்கள் பாதை மாற்றிக் குறுக்கே பாய்வது) வரும்போது விட்டது பக்கத்தில் நிற்கும் கார்டா, டாக்கிளா என்பது கோச்சுக்குத்தான் உறுதியாகத் தெரியும். வெளியாள் போடும் மார்க்கில் அந்த ஊகமும் கலந்திருக்கும். நாலைந்து ஆட்டத்து மார்க் என்றால் நான் சீண்டவே மாட்டேன்.