சாவு பயத்துக்குத் தத்துவம் மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஆறு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். அதிலிருந்து ராத்திரி இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது. ஒருநாள் நானும் இல்லாமல் போய்விடுவேன் என்று நினைத்ததும் நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, நார்மல். இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தத்துவம் படித்தால் இந்தப் பயம் போகும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: ஈசிஜி பார்த்தது நல்லது. படபடப்பு அடிக்கடி வந்து தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். அந்த வேலையைத் தத்துவத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

சரி, தத்துவத்துக்கு வருவோம். பகலில், காபி குடித்த கையோடு, ஒரு தாளை எடுத்து 'சாவில் எனக்கு எது பயம்?' என்று எழுதுங்கள். வகுப்பில் இதைப் பல வருஷம் செய்ய வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்று பதில் வரும்: வலி, பிள்ளைகள், இல்லாமல் போவது. மூன்றும் வேறு வேறு பயம். ஒரே போர்வைக்குள் கிடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

வலிக்கும் ஐசியூ குழாய்களுக்கும் பயம் என்றால் அதற்குக் காகித வேலையே இருக்கிறது. குணமாகும் வழியில்லாத கட்டத்தில் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் 'லிவிங் வில்'லை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்தது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினால் போதும்.

'இல்லாமல் போவது' என்று எழுதியிருந்தால்தான் எபிகூரஸ் தேவைப்படுவார். கிமு 341இல் பிறந்து, ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் பள்ளி நடத்திய கிரேக்கர். அவர் வாதம் இரண்டு வரிதான்: நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்த பிறகு நாம் இல்லை. நல்லது கெட்டது எல்லாம் உணர்வில் இருக்கிறது, உணர்வே போனபின் கெட்டது யாருக்கு நடக்கிறது? அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதையே திருப்பிப் போட்டார்: பிறப்பதற்கு முன்னால் இருந்த காலத்தைப் பார் என்றார். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஊரே கொந்தளித்தபோது நீங்கள் இல்லை. அதை நினைத்து ஒருநாளாவது உங்களுக்கு நெஞ்சு படபடத்ததா?

"கேட்க நன்றாக இருக்கிறது சார், ஆனால் பயம் போகவில்லையே" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வார்கள். நியாயம்தான். 1970இல் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, சாவு ஒன்றும் செய்யாவிட்டாலும் வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கும் நல்லதைப் பறித்துக்கொள்கிறதே என்று கேட்டார். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது இழப்பு. இழப்புக்கு வருத்தம் வரும். இரண்டு மணி நடுக்கம் வர வேண்டியதில்லை.

இன்னொன்று, எபிகூரஸ் 'புரிந்துகொள்' என்று விட்டுவிடவில்லை, 'பழக்கிக்கொள்' என்றார். இரவும் பகலும், தனியாகவும் மனசு ஒத்த ஒருவரோடும். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் அந்த இரண்டு வரியை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள், மறுத்தும் பாருங்கள். அந்த நண்பரோடு சண்டை போட்டாலும் சரி.

நம் பக்கத்தில், 1896இல் மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு இதே பயம் திடீரென்று வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அவன் டாக்டரைத் தேடவில்லை. பிணம்போலக் கை காலை விறைத்துப் படுத்து, 'சாவது எது?' என்று உள்ளே பார்த்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். அவர் கண்ட ஆன்மாவை எபிகூரஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். இருவரும் பயத்துக்கு முதுகைக் காட்டவில்லை, அது எனக்குப் போதும்.

'உறங்குவது போலும் சாக்காடு' என்ற குறளை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தூக்கம் கெட்ட ஒருவரிடம் அதைச் சொல்லப்போய், அவர் படுக்கவே பயந்துவிட்டார். என் தப்பு.

பிள்ளைகள் பற்றிய பயத்தை வாதத்தால் போக்க முடியாது, போகவும் வேண்டாம். டேர்ம் இன்ஷூரன்ஸ், உயில், நாமினி பெயர் சரிபார்ப்பது எல்லாம் ஒரு வாரத்து வேலை. 'சாவு நமக்கு ஒன்றுமில்லை' என்று சொன்ன எபிகூரஸ், சிறுநீரகக் கல் வலியில் துடித்த தன் கடைசி நாளில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நாம் பேசியதையெல்லாம் நினைக்கிற சந்தோஷம் இந்த வலிக்கு ஈடாக நிற்கிறது என்றார். கூடவே ஒன்று கேட்டுக்கொண்டார்: முன்பே இறந்துபோன என் சீடன் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.